விதவையின் எண்ணெயும் எங்கள் கடனும்

(பொன்விழா ஆண்டை முன்னிட்டு நடைபெற்ற பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)



குடும்பமும் வரவு செலவும் என்பது பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டபோது நாங்கள் மிகவும் தயங்கினோம். பொருளாதாரம் கற்றவர்கள் பேச வேண்டிய தலைப்பு இது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கடனின் கதை. அதைப் பங்குத்தந்தையிடம் சொன்னோம். “அந்தக் கதையையே சொல்லுங்கள், அதுதான் வேண்டும்” என்று அவர் கூறிவிட்டார். ஆகவே இருவரும் ஒன்றாக அமர்ந்து இதை எழுதினோம். வாசிப்பது ஒருவரே எனினும், பேசுவது இருவரும் என்று கொள்ளுங்கள். கடன் பட்டதும் இருவர், அதை மறைத்ததும் இருவர் அன்றோ?

நமது பங்கு பொன்விழாக் கொண்டாடுகிறது. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியிருக்கிறோம். கோயில் முகப்பில் விளக்கு அலங்காரம் செய்திருக்கிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் ஐம்பதாம் ஆண்டை யூபிலி என்று முதன்முதலில் சொன்ன லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், அங்கே அலங்காரம் பற்றி ஒன்றுமில்லை. எக்காளம் ஊதப்பட வேண்டும். விற்கப்பட்ட நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்றுதான் அங்கே காண்கிறோம். யூபிலி என்பது கட்டுண்டவன் வீடு திரும்பும் ஆண்டு. 2025ஆம் ஆண்டு யூபிலியை அறிவித்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், ஏழை நாடுகளின் கடன்களை மன்னிக்கும்படி செல்வந்த நாடுகளைக் கேட்டுக்கொண்டதும் இந்த நினைவினால்தான். நாடுகளின் கடனைப் பற்றி நாங்கள் பேச இயலாது. ஒரு வீட்டின் கடனைப் பற்றிப் பேசுகிறோம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். எங்களுள் கணவர் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். மனைவி பட்டம் பெற்றதுமே திருமணம் ஆகிவிட்டபடியால், ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை அப்படியே நின்றுவிட்டது. இளைய பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்ததும், 2022ஆம் ஆண்டில், பி.எட். படிப்பில் சேர்ந்தார். அது இரண்டு ஆண்டுப் படிப்பு. படித்து முடித்தால் குடும்பம் தலைநிமிரும் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு தவறன்று. தவறியது இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளின் கணக்குத்தான்.

அப்போது எங்கள் மாத வருமானம் ரூ. 20,000. கடைச் சம்பளம் 17,000. மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததில் 3,000. வீட்டு வாடகை 5,500, மளிகை, பால், எரிவாயு 6,500, பேருந்து, தொலைபேசி 1,800, மூத்த பிள்ளையின் பள்ளிக்கு 1,500, மின்சாரம் 400, மருந்து மாத்திரை 500. இவை மட்டும் 16,200 ஆகின்றன. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 36,000, அதாவது மாதம் 3,000 வீதம் எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 800 ரூபாய். அந்த 800 ரூபாயில்தான் காய்ச்சலும், திருவிழாவும், உறவினர் வீட்டுக் கல்யாணமும், கிழிந்த செருப்பும் அடங்க வேண்டும். அடங்குமா?

இந்தச் சமயத்தில், சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, ஆண்டுக் கட்டணம் இல்லாத கிரெடிட் கார்டு தருகிறோம் என்றார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கி, அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தோம். சில மாதம் தொடவில்லை. பிறகு கல்லூரியில் இரண்டாம் தவணையைக் கட்டாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்றார்கள். அட்டையில் 18,000 ரூபாய் கட்டினோம். இளைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்ததில் 6,500. 2023ஆம் ஆண்டு மே மாதம் மூத்த பிள்ளைக்கு முதல் நற்கருணை. வெள்ளை உடுப்பு, மெழுகுவர்த்தி, புகைப்படம், உறவினருக்குப் பிரியாணி என்று 11,000. அந்தப் பிரியாணியை உங்களில் பலர் உண்டீர்கள். நன்றாயிருந்தது என்று வாழ்த்தினீர்கள். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அது யார் பணத்தில் வெந்தது என்பது அன்று எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மளிகைச் செலவும் தாமதக் கட்டணமும் சேர்ந்து கடன் ரூ. 40,000 ஆயிற்று. மாதந்தோறும் வரும் கணக்குத் தாளில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்தப் பாக்கி. மற்றொன்று அதன்கீழ், கண்ணுக்கு இதமாக, ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’. எங்களுக்கு அது 2,000 ரூபாய். அதை மட்டும் தவறாமல் கட்டிவிட்டு, நாங்கள் ஒழுங்காகக் கடன் அடைத்து வருகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எங்கள் அட்டைக்கு மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை. 40,000க்கு மாதம் 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 252 ரூபாய். ஆக 1,652 ரூபாய். நாங்கள் கட்டிய 2,000த்தில் 1,652 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. அசலில் குறைந்தது 348 ரூபாய். அட்டையை இனி ஒரு தடவைகூடத் தேய்க்காமல், மாதம் 2,000 வீதம் தவறாது கட்டினாலும், இந்தக் கடன் தீர 43 மாதங்களுக்கு மேல் ஆகும். கட்டிய தொகை 86,000 ரூபாயைத் தாண்டும். ஆனால் நாங்கள் தேய்க்காமலா இருந்தோம்? இரண்டாயிரம் கட்டிய மறுவாரமே அதே அட்டையில் மளிகை வாங்கினோம். ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான்.

இன்னொன்றும் அப்போது எங்களுக்குத் தெரியாது. மொத்தப் பாக்கியையும் குறித்த நாளில் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை உண்டு. ஒரு பகுதியைப் பாக்கி வைத்துவிட்டால், புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கமாக எடுத்தாலோ, எடுத்த கணமே வட்டி, கட்டணம் வேறு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது. ஆகவே, சட்டம் வந்து வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாமே விழித்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் விழித்துக்கொள்ளவில்லை. இன்னும் ஆழத்தில் இறங்கினோம். பி.எட். இரண்டாம் ஆண்டில் பள்ளிகளுக்குச் சென்று பல வாரங்கள் கற்பித்தல் பயிற்சி செய்ய வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த வாரங்களில் டியூஷனும் நின்றது. வருமானத்தில் 3,000 குறைந்ததும், குறைந்தபட்சத் தொகையைக் கட்டவே வழியில்லை. அப்போது கைபேசியில் வந்த ஒரு கடன் செயலியில் 5,000 ரூபாய் கேட்டோம். கைக்கு வந்தது 3,600. பதினைந்து நாளில் 5,000 கட்ட வேண்டும் என்றார்கள். கட்ட முடியவில்லை. பதினாறாம் நாள், எங்கள் கைபேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் எங்களைத் திருடர் என்று எழுதிய செய்தி போயிற்று. எங்கள் மூத்த பிள்ளையின் ஞானத்தந்தைக்கும் போயிற்று.

அது 2024ஆம் ஆண்டு சனவரி மாதம். அந்த வாரம் ஞாயிறு திருப்பலிக்கு நாங்கள் வரவில்லை. கோயிலுக்கு வந்தால் யார் யார் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பார்களோ என்ற பயம். திருப்பலி முடிந்ததும் ஞானத்தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் நமது பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் நெடுநாள் உறுப்பினர். திட்டுவார் என்று நினைத்தோம். அல்லது பணம் கொடுப்பார் என்று நினைத்தோம். இரண்டும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “தம்பி, அழுததெல்லாம் போதும். வீட்டில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றாய்ச் சொல்லுங்கள்” என்றார். “அண்ணே, சொல்லவே வெட்கமாயிருக்கிறது” என்றோம். “வெட்கத்துக்கும் வட்டி உண்டு, அதையும் சேர்த்தே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார்.

பின்னர் விவிலியத்தில் அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தை எடுத்து எங்களிடமே வாசிக்கக் கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்த நிகழ்ச்சிதான். கணவனை இழந்த ஒரு தாய். கடன் கொடுத்தவன் வந்து அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக நிற்கிறான். அவள் எலிசாவிடம் முறையிடுகிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய்தான் என்கிறாள். அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார். எண்ணெய் பாத்திரங்கள் தீருமட்டும் ஊற்றெடுக்கிறது. அதை விற்று முதலில் கடனைத் தீர்க்கவும், மீதியைக் கொண்டு பிள்ளைகளோடு பிழைக்கவும் சொல்கிறார். இரண்டு பிள்ளைகளோடு இருந்த எங்களுக்கு அன்று அது பழைய கதையாகத் தோன்றவில்லை.

அந்த நிகழ்ச்சியில் நாங்கள் கற்ற நான்கு பாடங்களையே உங்களுக்குச் சொல்ல வந்தோம்.

முதலாவது, அந்தத் தாய் வாய்திறந்து சொன்னாள். கடன் இருட்டில் வளர்கிற பயிர். கணவர் மனைவிக்கு மறைப்பதும், மனைவி தன் தாய் வீட்டுக்கு மறைப்பதும், இருவரும் சேர்ந்து ஊருக்கு மறைப்பதும் அதற்கு எருப் போடுவதாகும். எங்களுள்ளேயே ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் அட்டையில் வாங்கிய பொருள்கள் இருந்தன என்பதை அன்று நோட்டில் எழுதியபோதுதான் அறிந்தோம். வருத்தமாயிருந்தது, ஆயினும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம்.

இரண்டாவது, வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள். யாருக்குக் கடன்; பாக்கி எவ்வளவு; மாத வட்டி நூற்றுக்கு எத்தனை; எந்தத் தேதியில் கட்ட வேண்டும். பிறகு வட்டி அதிகமானதை மேலேயும் குறைந்ததைக் கீழேயும் எழுதுங்கள். வாடகை, அரிசி, பிள்ளைகளின் பள்ளி, மருந்து ஆகியவற்றுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, எல்லாக் கடன்களுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டி, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் மேலே உள்ள கடனுக்கே கட்டுங்கள். பத்து இடத்தில் ஐம்பது ஐம்பதாகக் கட்டுவதில் பயனில்லை.

அன்றே கத்தரிக்கோலால் அட்டையை வெட்டினோம். கைபேசிகளில் பதிந்திருந்த அட்டை எண்ணையும் நீக்கினோம். இதைச் செய்யாமல் வேறெது செய்தாலும் வீண். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நகையை அடகு வைத்து அதன் பாக்கியைத் தீர்ப்பவர், ஒரு கடனை இரண்டு கடனாக்குகிறார்.

மூன்றாவது, அயலாரின் பாத்திரங்கள். கவனியுங்கள், அயலார் பணம் தரவில்லை. வெறும் பாத்திரம்தான் தந்தார்கள். எங்களுக்கும் அப்படியே கிடைத்தது. ஞானத்தந்தை எங்களோடு வங்கிக்கு வந்தார். தனியாகப் போனால் பேச நா எழாது. ஒருவர் அருகிலிருந்தால் பேசலாம். எங்கள் நிலைமையை எழுத்தில் கொடுத்து, பாக்கி முழுவதையும் மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கேட்டோம். ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றித் தந்தார்கள். தவணை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய அதே 2,000 ரூபாய்தான். வட்டிக்குரிய வரி மட்டும் கொஞ்சம் கூட. நாற்பத்து மூன்று மாதத்திலும் தீராத கடன், அதே இரண்டாயிரத்தில் இருபத்து நான்கு மாதத்தில் தீருகிறது. மொத்தம் 86,000க்குப் பதிலாக ஏறக்குறைய 50,000. கேட்டதனால் கிடைத்தது, கேளாதிருந்தால் கிடைத்திராது.

நகை உள்ளவர்கள் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வாங்கி அட்டைப் பாக்கியைத் தீர்ப்பதும் வட்டியைக் கணிசமாகக் குறைக்கும் வழியே. எங்களிடம் இருந்தது தாலிக்கொடி ஒன்றுதான். அதை வைக்க மனம் வரவில்லை. ‘செட்டில்மென்ட்’ என்று சொல்லி, பாதியைக் கட்டினால் போதும் என்று யாரேனும் கூறினால் அவசரப்படாதீர்கள். அது உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும். பின்னால் கல்விக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் அதை எழுத்தில் பெற்றுச் செய்யலாம்.

நான்காவது, விற்ற பணத்தில் முதலில் கடன், பிறகு பிழைப்பு. 2024இல் படிப்பு முடிந்து, மனைவிக்கு ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும் எங்களுக்கு எழுந்த ஆசைகள் ஒன்றிரண்டல்ல. ஆயினும் தவணை தீரும்வரை, பழைய வருமானத்திலேயே குடும்பம் நடத்துவதென்று முடிவு செய்தோம். அதிகம் வந்ததில் ஒரு பகுதியை அவசரத்துக்கென்று தபால் நிலையத்தில் போட்டோம். 2026 சனவரியில் கடைசித் தவணையைக் கட்டினோம். அன்று பிள்ளைகளுக்கு வாழைப்பழப் பஜ்ஜி செய்து கொடுத்தோம். எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். யூபிலி என்றோம்.

இனி, கடன்பட்டவருக்கும் சில உரிமைகள் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் இவற்றை அறியாததால்தான் அவ்வளவு நடுங்கினோம். கிரெடிட் கார்டு பற்றி ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, குறித்த நாளிலிருந்து மூன்று நாட்களுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் போடலாம். பாக்கி முழுவதையும் தீர்த்தபின் அட்டையை மூடும்படி கேட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கடன் வசூலிப்பவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, ஊரார் முன் அவமானப்படுத்தவோ, குடும்பத்தாரையும் நண்பரையும் தொந்தரவு செய்யவோ கூடாது. கடன் செயலிகள் நமது கைபேசியிலுள்ள எண்களை எடுக்கக் கூடாது என்றும் அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. அந்தச் செயலிக்காரர் போன்று பெயர் முகவரி இல்லாதவர் மிரட்டினால், செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்ய வேண்டும். உதவி எண் 1930. நாங்கள் அவ்வாறே செய்தோம், மிரட்டல் நின்றது. கடனைக் கட்ட இயலாமற்போவது தன்னளவில் சிறைக்குரிய குற்றமன்று. ஆனால் காசோலை கொடுத்து அது பணமின்றித் திரும்பினால் வழக்கு வரும். ஆகவே மிரட்டலுக்குப் பயந்து காசோலை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இவற்றையெல்லாம் நாங்கள் சொல்வது கடனை ஏமாற்றுவதற்காக அன்று. வாங்கியதைக் கொடுப்பது நீதி. மானத்தோடு கொடுப்பதற்கும் நமக்கு உரிமை உண்டு.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கிற தாய் தந்தையருக்குத் தனியாக ஒரு வார்த்தை. படிப்பை விட்டுவிடாதீர்கள். ஆனால் கல்லூரிக் கட்டணத்தை ஒருபோதும் கிரெடிட் கார்டில் கட்டாதீர்கள். நாங்கள் செய்த தவறுகளில் பெரியது அதுவே. முதலில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், சிறு தவணைகளாகக் கட்ட அனுமதி கேளுங்கள். உங்களுக்குரிய உதவித்தொகை உண்டா என்று விசாரியுங்கள். அடுத்து, வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்பதில்லை. வட்டி அட்டை வட்டியில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே திருப்பிக் கட்டத் தொடங்கலாம். அதாவது, வருமானம் வரும் காலத்தில் கட்டுகிற கடன் அது. கிரெடிட் கார்டோ வருமானம் இல்லாத காலத்திலேயே கழுத்தைப் பிடிக்கிற கடன். மேலும், சேருமுன்பே பயிற்சி வாரங்களில் எவ்வளவு வருமானம் குறையும் என்று கணக்குப் பாருங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற நம் ஆண்டவரின் உவமை எங்களுக்காகவே சொல்லப்பட்டது போலும்!

இறுதியாக, நம் பங்குக்கு நான்கு விண்ணப்பங்கள்.

முதல் நற்கருணை பெறும் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே மாதிரியான எளிய உடுப்பும், கோயில் வளாகத்திலேயே ஒரே பொது அசனமும் என்று நாம் முடிவு செய்யலாகாதா? அப்பத்தின் வடிவில் ஆண்டவர் எளியவராய் வருகிற நாளில், ஓர் ஏழைத் தகப்பன் கடனாளியாக வேண்டாமே! பள்ளிச் சீருடைகளும் பாடநூல்களும் ஒரு வீட்டில் சிறியதானதும் அடுத்த வீட்டுக்குப் போகும்படி, மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று ஏற்பாடு செய்யலாகாதா? மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம், கணக்குத் தெரிந்த இருவர் வின்சென்ட் தே பவுல் சபை அறையில் அமர்ந்து, கடன்பட்டவரோடு நோட்டில் கணக்கு எழுதலாகாதா? அச்சபையை 1833இல் பாரிஸ் நகரில் தோழர்களோடு தொடங்கிய பிரெடெரிக் ஓசானாம் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவர். ஏழைகளுக்குப் பொருள் கொடுத்ததோடு நில்லாமல், வீடு தேடிப் போய் அவர்களோடு உட்கார்ந்ததே அவர்கள் கண்ட வழி. அந்த வழிதான் எங்களைக் காத்தது.

நான்காவது, அன்பியங்கள் தோறும் ஒரு சிறு அவசர சேமிப்பு. வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளைக் காக்க, 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அத்தகைய நிலையங்கள் பின்னர் இத்தாலியெங்கும் பரவின. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. 1992இல் நபார்டு வங்கி தொடங்கிவைத்த முறைப்படி, வங்கியோடு இணைந்த சுய உதவிக் குழுக்கள் நம் ஊரிலும் உண்டு. அவ்வழியில் மாதம் 100 ரூபாய் வீதம் இருபது குடும்பங்கள் சேமித்தால், ஓராண்டில் 24,000 ரூபாய். எங்கள் பிள்ளையின் காய்ச்சலுக்கு வேண்டியிருந்தது 6,500தான்.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கதையை மேடையில் சொல்வது எங்களுக்கு எளிதாயிருக்கவில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர், எங்களைப் போலவே கைபேசி மணி அடித்தால் நெஞ்சு படபடக்க இருக்கக் கூடும். அவர்களுக்காகவே சொன்னோம். நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். பிறகு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். யாரிடம் காட்டுவது என்று தெரியாவிட்டால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நோட்டும் பேனாவும் எங்களிடம் இருக்கின்றன, தேநீரும் தருவோம். வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னால் வெட்கப்பட்டு முடித்தவர்கள் நாங்கள்.

நமது பொன்விழாவின் எக்காளம், கடனுக்குப் பயந்து கோயிலுக்கு வராமல் நிற்கும் ஒரு குடும்பத்தை மீண்டும் இந்தப் படியேறச் செய்யுமானால், இந்த ஐம்பதாம் ஆண்டு உண்மையிலேயே யூபிலி ஆண்டாகும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!